தன் சாவியைத் தானே தேடியவன்

உத்தமபாளையத்தில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வயற்காற்று முகத்தில் அடிக்கும். பென்னிகுவிக் 1895இல் மலையைக் குடைந்து திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கைப் பச்சையாக வைத்திருக்கிறது. அந்தத் திண்ணையில்தான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகன் இந்தச் சரித்திரத்தை எனக்குச் சொன்னான்.

லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதன் நடுக்கருவுக்குக் கர்னல் என்று பெயர். யந்திரத்தின் சகல காரியங்களும் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. அதில் கோளாறு வந்தால் எப்படிப் பார்ப்பது? நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் நிறுத்தினால் கோளாறும் மறைந்துவிடுகிறதே! டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தையைப் போலத்தான்.

இதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். பெங்களூர் ஐ.பி.எம்.மில் இருந்த சுபர்ணா பட்டாச்சார்யா, வம்சி கிருஷ்ணா, ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல் ஆகியோர் 2002 வாக்கில் ஆரம்பித்த வேலை அது. 2004இல் கர்னலிலேயே சேர்ந்தது. பெயர் கேப்ரோப்ஸ். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு தடைக்குறியை வைப்பார்கள். யந்திரம் அதில் இடறி நிற்கும். கையாள் ஒருவன் ஓடிவந்து பார்க்க வேண்டியதைக் குறித்துக்கொள்வான். பிறகு, முன்பே நகல் எடுத்து வைத்திருந்த அசல் கட்டளையை நடத்திவிட்டு யந்திரத்தை வழியனுப்புவான். ஓட்டம் நின்றதே யாருக்கும் தெரியாது.

"எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"அங்கேதான் மாமா வந்தது வினை!" என்றான்.

ஒரு புதுத் தடைக்குறியை வைப்பதற்கு முன்னால் கேப்ரோப்ஸ் ஒரு பூட்டைப் பூட்டிக்கொள்ளும். பிறகு, 'இந்த இடத்தில் ஏற்கெனவே குறி இருக்கிறதா?' என்று தேட ஒரு சிறு பகுதியை அழைக்கும். அந்தத் தேடும் பகுதியின் மேலேயே யாராவது முன்பே ஒரு குறியை வைத்திருந்தால்? யந்திரம் அங்கே இடறும், கையாள் ஓடிவருவான், அவனுக்கும் அதே பூட்டு வேண்டும். பூட்டு விடுபடும்வரை அவன் சுற்றிச் சுற்றிக் காத்திருப்பான். அதை விடவேண்டியவனோ இடறி நின்று, கையாள் வேலை முடிப்பதற்காகக் காத்திருக்கிறான்! இரண்டு பேரும் ஒரே ஆசாமிதான்.

மடைக்காவல்காரன் ஒருவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவி வைத்திருப்பவன் திருப்பித் தரட்டும் என்று விடிய விடியக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மனிதனாயிருந்தால் எப்போதாவது இடுப்பைத் தடவிப் பார்ப்பான். யந்திரத்துக்கு அந்தப் புத்தி ஏது? அது அப்படியே உறைந்துபோகும். என்ன நடந்தது என்று எழுதிவைக்கவும் ஆள் இராது. எழுத வேண்டியவனே அல்லவா அகப்பட்டுக்கொண்டான்!

2005 செப்டம்பரில் பெங்களூர் ஐ.பி.எம்.மின் பிரசன்ன பஞ்சமுகி இதற்குப் பரிகாரம் செய்தார். ஆண்டி க்ளீன் என்பவர் சொன்ன யோசனைப்படி, கேப்ரோப்ஸின் சொந்தப் பகுதிகளையும் அது நம்பியிருக்கும் மற்றப் பகுதிகளையும் பொறுக்கி எடுத்து, நினைவகத்தில் தனியாக ஒரு வேலிக்குள் குடிவைத்தார். அந்த எல்லைக்குள் குறி வைக்க வந்தால் இனி அனுமதி கிடையாது. நினைவகப் பக்கம் தவறும்போது ஓடிவரும் பகுதிகூட அந்த வேலிக்குள் போயிற்று. பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. கர்னலின் பல கோப்புகளில் அங்கங்கே ஒரு சொல்லைச் சேர்த்ததுதான். எனக்கென்னவோ, எதையும் பார்ப்பேன் என்று சொன்ன கருவி, என்னை மட்டும் பார்க்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட அந்த அடக்கம் பிடித்திருந்தது.

ஒன்பது வருஷம் கழித்து, 2014இல், ஜப்பானியர் மசாமி ஹிராமட்சு குடிபெயர்க்காமலே பெயர்களை ஒரு விலக்குப் பட்டியலில் எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

"வேலிக்குள்ளேயே கோளாறு வந்தால்?" என்றேன்.

"வரிவரியாகக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டியதுதான் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட எழுந்தான்.