யாருக்காகக் கர்ப்பத்தடை?

ஜவ்வாது மலையானாலும் சமவெளிச் சேரியானாலும் கு.க. ஆபரேஷன் என்றால் பொம்பளைக்குத்தான். 'ஆம்பள பண்ணிக்கிட்டா பாரம் தூக்க முடியாது' என்பார்கள். பாரம் தூக்காத பொம்பளை நம்மில் யார்? வயிற்றைத் திறக்காமல் செய்கிற ஆண் ஆபரேஷன்தான் சுலபமானது.

1930களில் பெரியார் கர்ப்பத்தடை கேட்டது பெண் விடுதலைக்காக. 1952இல் திட்டம் தொடங்கிய அரசு பார்த்ததோ மக்கள்தொகையை. 1965இல் லூப் வந்தது. அவசரநிலையில், 1976இல், ஏழை ஆண்களைப் பிடித்து வாசக்டமி செய்தார்கள். 1977இல் ஆட்சி கவிழ்ந்தது. பிறகு கத்தி முழுசாகப் பெண் வயிற்றுக்கு மாறியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் ஆபரேஷன் 37.9 சதம், ஆண் 0.3. 2014இல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டு பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாரும் ஏழைப் பெண்கள்.

வேணுமா, எப்போது, யார் உடம்பில் என்று அவளைக் கேட்காத கருத்தடை விடுதலை ஆகாது.