இரவல் பெயர்

தமிழில் பெருவாரியாக வாசிக்கப்பட்ட, அதைவிடப் பெருவாரியாகக் காதால் கேட்கப்பட்ட ஒரு கவியைப் பற்றி எழுத உட்காரும்போது முதலில் இடறுவது பெயர்தான். அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை - இந்தப் புத்தகங்களில் 'புகழேந்திப் புலவர் இயற்றியது' என்று அச்சாகியிருக்கும். பெயர் இருக்கிறது. ஆனால் அது எழுதியவனுடைய பெயரல்ல.

புகழேந்தி என்றால் பண்டிதர்களுக்கு நளவெண்பா. பொன்விளைந்த களத்தூர்க்காரர், சந்திரன் சுவர்க்கி ஆதரித்த புலவர். கர்ண பரம்பரைக் கதை அவரை ஒட்டக்கூத்தருக்கு எதிரியாக நிறுத்துகிறது. ஒட்டக்கூத்தர் விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று சோழர்களைப் பாடியவர். அதாவது 12ஆம் நூற்றாண்டு. செஞ்சியின் தேஜ்சிங், ஜனங்களுடைய தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் செத்தது 1714இல். இரண்டு காலத்தையும் ஒரே ஆள் கண்டிருக்க வேண்டுமானால் அவருக்குச் சுமார் அறுநூறு வயசாவது ஆகியிருக்க வேண்டும். நடையைப் பார்த்தாலும் அப்படித்தான். வெண்பாவின் கட்டுக்குள் ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர் நளவெண்பாக்காரர். அம்மானைக்காரனோ சொன்னதைத் திரும்பச் சொல்லி, அடியை அடுக்கி, கேட்கிறவர்களுக்கு மூச்சுவிட அவகாசம் தந்து போகிறவன். இவர்கள் ஒருவரல்ல. அம்மானைக்காரனே ஒருவனல்ல, பலர்.

பண்டிதர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நளவெண்பாவின் ஆசிரியர் இவற்றை எழுதவில்லை என்று காட்டியாகிவிட்டது, அவர் மேல் விழுந்த கறை நீங்கியது, அவ்வளவுதான். எனக்கு விஷயம் இங்கேதான் ஆரம்பமாகிறது. ஜனங்கள் ஏன் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்? கம்பன் பெயர் இருந்தது, ஒளவை பெயர் இருந்தது. ஏன் புகழேந்தி?

விநோதரசமஞ்சரி போன்ற புத்தகங்கள் வழியாக எல்லோருக்கும் தெரிந்துவிட்ட கதை அது. பாண்டியன் மகள் சோழனுக்கு வாழ்க்கைப்படும்போது அவளோடு கூட வந்த புலவர் புகழேந்தி. ஒட்டக்கூத்தருடைய பொறாமையால் சிறைப்பட்டார். தண்ணீர் எடுக்கச் சிறை வழியே போன பெண்களுக்காக அல்லி கதையையும் பவளக்கொடி கதையையும் அம்மானையாகப் பாடினார். பெண்கள் உணவுப் பொருள் கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். ராணி, தன் புலவர் சிறைப்பட்ட கோபத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஒட்டக்கூத்தர் போய் அவள் ஊடலைத் தீர்க்கப் பாட, அவள் இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டாள். 'ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள்' என்ற பழமொழி அங்கிருந்து வருகிறது.

இதைச் சரித்திரமாக எடுத்துக்கொண்டால் அபத்தம். விமர்சனமாக எடுத்துக்கொண்டால், தமிழில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அரசவைக் கவிக்குக் கிடைப்பது சாத்தப்பட்ட கதவு. சிறையிலிருக்கிற கவிக்குக் கிடைப்பது குடத்தோடு வந்து நிற்கிற ஜனம். இதைச் சொன்னவர்கள் படித்தவர்கள் மட்டுமல்ல. அந்த அம்மானைகளைக் கேட்டவர்கள், முக்கியமாகப் பெண்கள், சொல்லிச் சொல்லி வளர்த்த கதை இது. பாட்டுக்கு ஆசிரியன் அகப்படவில்லை என்றதும் அவனுக்கு ஒரு வாழ்க்கையைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாழ்க்கைக்குள் தங்களையும் பாத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அம்மானை ஆதியில் பெண்கள் காயைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டே பாடிய விளையாட்டு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் திருத்தணிக்காரன். எங்கள் ஊரைப் போலக் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுத்த ஊர் அபூர்வம். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) தம் முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வை இந்த மலையில்தான் பாடினார் என்பது மரபு. 'குருகுஹ' என்ற முத்திரை அவருக்கு இங்கே கிடைத்தது. தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் பெயர் மறையவில்லை. இந்த ஊர்ச் சகோதரர்கள் விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் தமிழ் நூல்களைப் பரிசோதித்து அச்சேற்றிய முன்னோடிகள். அவர்கள் பெயரோடு 'திருத்தணிகை' என்பதும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

1835இல் அச்சகம் வைக்க இந்தியர்களுக்கு இருந்த தடைகள் நீங்கின. இலக்கணமும் உரையும் அச்சான பட்டணத்திலேயே கொஞ்ச காலத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்களும் அச்சாயின. மட்டமான காகிதம், அச்சுக்கட்டைப் படம், எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் திண்ணை விளக்கடியில் தெரிகிற மாதிரி பருத்த எழுத்து. பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் அவற்றை ஊர் ஊராகப் பரப்பினார்கள். மலைமேல் முத்திரையுள்ள பாட்டு, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையடிவாரத்தில் தரைமேல் விரித்துப் போட்ட துணியில் இரவல் பெயருள்ள பாட்டு. ஒருவர் வாங்கிப் போனால் ஒரு தெருவே கேட்கும்.

அந்தத் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்களும் இருந்தார்கள். எங்கள் ஊரின் ஆவணங்களைப் புரட்டினால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1911 வரை வட ஆற்காடு ஜில்லா, பிறகு சித்தூர் ஜில்லா, 1953இல் ஆந்திர ராஜ்யம், ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை ராஜ்யம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். வீட்டில் தெலுங்கு பேசிய கிழவிகள் நல்லதங்காளுக்காகத் தமிழில் அழுததை நான் கேட்டிருக்கிறேன். எல்லைக் கமிஷன்கள் கணக்கில் எடுக்காத பிரஜைகள் அவர்கள்.

அவர்கள் எதற்காக அழுதார்கள்? 'உணர்ச்சிவசம்' என்று தள்ளிவிடுவது சுலபம். நல்லதங்காள் கதையைப் பாருங்கள். பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் இல்லை. அண்ணி மூளி அலங்காரி அவளைத் திட்டித் துரத்தவில்லை, சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கொடுப்பது ஓட்டைப் பானையும் எரியாத பச்சை மட்டையும். அவமானத்தை வசனமாக்காமல் பண்டபாத்திரமாக ஆக்கியிருக்கிறான் கவி. அடுப்படியில் வாழ்க்கை கழித்தவர்களுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? கிணற்றடியில் மூத்த பிள்ளை தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். தாயை மன்னிக்கவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் கேட்பவரை நிறுத்துகிற இடம் அது. இது தற்செயலாக விழுந்ததல்ல. யாரோ ஒருவன் யோசித்து வைத்தது.

அல்லி கதையிலும் அப்படித்தான். மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண்களை ஏறிட்டுப் பார்க்க விருப்பமில்லை. அர்ச்சுனன் கிருஷ்ணன் துணையோடு பாம்பாகி அவள் படுக்கையறையில் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். கதை அர்ச்சுனனுக்குத்தான் வெற்றியைத் தருகிறது. ஆனால் கேட்டவர்கள் மனசில் நின்றது தூங்கும்போது ஏமாற்றப்பட்டவளின் ஆத்திரம். பவளக்கொடியின் கதை பிறப்பதோ ஒரு குழந்தையின் பிடிவாதத்தில். அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்கிறான். தேடிப்போன தகப்பன் இன்னொரு பெண்டாட்டியோடு வருகிறான். வியாச பாரதத்தில் இந்த அல்லியும் இல்லை, பவளக்கொடியும் இல்லை. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் மேடைக்குக் கொண்டு போனபோதும், 1934இல் கே. சுப்ரமண்யம் படமாக்கி எம்.கே. தியாகராஜ பாகவதர் அதில் முதல் தடவையாகத் திரையில் வந்தபோதும், ஜனங்களுக்கு அது பாரதக் கதை. சொந்தக் கற்பனையை மகாபாரதத்துக்குள் செருகிவிட்டு, செருகியது தெரியாமல் நழுவிவிட்டவனை அலட்சியம் செய்கிற இலக்கிய சரித்திரம் எதை அளக்கிறது?

பண்டிதர்களுக்கு எதிர்த்திசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. இதெல்லாம் 'மக்கள்' படைப்பு, நாட்டார் இலக்கியம் என்றது. நா. வானமாமலை கட்டபொம்மன், கான்சாகிபு கதைப்பாடல்களைப் பதிப்பித்தது தமிழுக்குப் பெரிய காரியம். அவர் பிரதியை மதித்தவர். ஆனால் பின்னால் வந்த பலருக்கு 'மக்கள்' என்பது ஆசிரியன் என்ற கேள்வியைத் தவிர்க்கும் சௌகரியமான சொல்லாகிவிட்டது. மக்கள் கேட்பார்கள், திருத்துவார்கள், மறப்பார்கள். ஓட்டைப் பானையோடு பச்சை மட்டையையும் வைக்கத் தோன்றுவது ஒரு மனசுக்குத்தான். பண்டிதர் பெயரைப் பிடுங்கிக்கொண்டார், இவர்கள் ஆளையே கரைத்துவிட்டார்கள்.

விசுவாசமாக இருந்தவர்கள் கேட்டவர்கள்தான். பெண் கை ஓங்கிய வீட்டை இன்றும் 'அல்லி ராஜ்யம்' என்கிறோம். பிள்ளைகள் நிறைந்த ஏழை வீட்டை 'நல்லதங்காள் குடும்பம்' என்கிறோம். புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். எத்தனை மகாகவிகளின் பாத்திரங்கள் இப்படி வசைக்கும் கேலிக்கும் பயன்படுகிற அளவுக்கு வீட்டுக்குள் வந்திருக்கின்றன?

ஆகவே அட்டையிலுள்ள புகழேந்தி பெயரை அடித்துவிட நான் அவசரப்பட மாட்டேன். தகவலாக அது தப்பு. சிறையில் கிடப்பவன் எங்கள் கவி என்று கேட்டவர்கள் இட்ட அடையாளமாக அது சரி. செய்ய வேண்டிய காரியம் வேறே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்தவை சென்னையில் அவர் பெயரால் 1994இல் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. இந்த வகைப் புத்தகங்களைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி 2004இல் 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். வியாபாரமும் வாசகர்களும் ஓரளவு துலங்கிவிட்டார்கள். இனி ஒவ்வொரு அம்மானையின் அச்சுகளையும் ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக, இது ஒரு கை, இது வேறொரு கை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சங்கப் பாட்டுக்குச் செலவிடும் பொறுமையில் கால்பங்கு போதும். பெயர் அகப்படாது. கைகள் அகப்படும்.