பட்டனும் வயதும்: மேற்குச் சென்னையின் டயர் வரலாறு

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூரை ஒட்டிய ஒரு பேருந்து நிறுத்தத்திற்கு டன்லப் என்று பெயர். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் முதல் இந்தியத் தொழிற்சாலையை அமைத்து, 1959-இல் அம்பத்தூரில் இரண்டாவது தொழிற்சாலையைத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1949-இல், டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்துவிட்டிருந்தது. 1960-களில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவையும், ஆவடியில் டாங்கிகளைச் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது, சக்கரத்தின் ரிம்மும் பிரேக்கும் டயரும் சில மைல் தொலைவுக்குள்ளேயே உருவாகும் வட்டாரமாக மேற்குச் சென்னை மாறியது. நகரின் வடகோடியான திருவொற்றியூரில், 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாமன் மாப்பிள்ளையின் சிறு பட்டறை, 1952-இல் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கிப் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது.

அந்த நிறுவனம் முழு டயருக்கு முன்னே டிரெட் ரப்பரில் இறங்கியது அக்காலத்தின் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது. டிரெட் என்பது சாலையைத் தொடும் மேற்பரப்பு. பேச்சு வழக்கில் அதன் கட்டங்களைப் பட்டன் என்பர். புது டயர் விலை மிகுந்ததாக இருந்தமையால், பட்டன் தேய்ந்து மொட்டையான லாரி டயரின் மேற்பரப்பைச் சுரண்டி, ரப்பர் கரைசல் பூசி, அதன்மேல் பச்சை ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, வார்ப்பு அச்சுக்குள் நீராவிச் சூட்டில் வேகவைத்துப் புதிய பட்டனை எழுப்பும் ரீட்ரெடிங் தொழில், லாரிகள் மிகுதியாக ஓடும் சாலைகளெங்கும் பட்டறைகளாகப் பரவியது. ஓட்டுநரும் உரிமையாளரும் கற்றுக்கொண்ட இலக்கணம் இதுதான்: டயரின் உடல் நன்றாக இருந்தால் பட்டனை மீண்டும் போடலாம், பட்டன் இருக்கும்வரை ஓட்டலாம். ஓயாமல் ஓடி, பழசாவதற்கு முன்பே தேய்ந்துவிடும் லாரி டயருக்கு இந்த இலக்கணம் பெரும்பாலும் பொருந்தியது. ஒரு பொருளை வீணாக்காமல் கடைசிவரை பயன்படுத்திய அந்தச் சிக்கனத்தில் குறைகாண இடமில்லை.

பட்டனையே பார்க்கும் இந்த இலக்கணத்திற்கு நேர்மாறான ஓர் அறிவும் இதே நிலப்பகுதியின் விளிம்பில் வளர்ந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்திற்கு அப்பால் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தி, 1990-இல் பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு பந்தயத் தடத்தைத் திறந்தது. பந்தயத்தில் உலர்ந்த தளத்திற்குரிய ஸ்லிக் டயரில் பட்டனே கிடையாது. ரப்பர் முழுவதும் தரையைத் தொட்டால்தான் பிடிமானம் கூடும் என்பதால் அது வழவழப்பாகவே செய்யப்படுகிறது. மழை பெய்தால் மட்டுமே, நீரை வெளியேற்றும் வாய்க்கால் வெட்டிய டயர் வேண்டும். பந்தயக்காரர் பார்ப்பது ரப்பரின் மென்மையையும் அது எட்டியுள்ள சூட்டையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும்தான். ஆனால் இந்த அறிவு தடத்தின் வேலியைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை. தெருவில் லாரிக்காரரின் இலக்கணமே நிலைத்தது.

இதற்கிடையே டயரின் உடலே மாறியது. இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் பழைய டயருக்குப் பதிலாக, இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓட, மேலே எஃகுப் பட்டை சுற்றிய ரேடியல் டயருக்கு மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் 1977-இல் ஜே.கே. டயர் அதைக் கொண்டுவந்தது. டன்லப்பின் அம்பத்தூர்த் தொழிற்சாலையோ 1990-களின் இறுதியில் முடங்கி, கைமாறியும் நிலைபெறாமல் போக, 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. தொழில் அழியவில்லை, ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின் என அது மேற்கிலும் வடக்கிலும் இடம்பெயர்ந்தது. அம்பத்தூர்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த இடப்பெயர்ச்சியால் பயனேதும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று இப்புறநகர்களில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் முன் இவ்வரலாறு முழுவதும் வந்து நிற்கிறது. அத்தகைய கார் பெரும்பாலும் வாரக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். பட்டன் புதிதுபோல் இருக்கும். டயரோ உள்ளுக்குள் முதுமையடைந்திருக்கும். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அதைத் தடுக்கக் கலவையில் சேர்க்கப்படும் மெழுகு, டயர் ஓடி நெளியும்போது நன்கு மேற்பரப்புக்குக் கசிந்து காக்கிறது என்பதால், ஓடாத டயரின் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விரைவில் தோன்றுகின்றன. சென்னையின் வெயில் அந்த முதுமையை விரைவுபடுத்துகிறது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களே டயரின் பிறப்புச் சான்று: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 6 ஆண்டு கடந்தால் மாற்றுமாறு பல கார் நிறுவனங்கள் கூறுகின்றன. டயர் நிறுவனங்கள் சொல்லும் இறுதி எல்லை 10 ஆண்டு. பட்டன் குறைந்தபட்ச ஆழமான 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்வது வரை காத்திருக்கும் பழக்கம் இங்கே பயன்படாது.

தேர்விலும் எச்சரிக்கை தேவை. அளவை அடுத்து வரும் எழுத்து, டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கிறது: எச் என்றால் மணிக்கு 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர். கார் நிறுவனம் விதித்த எழுத்துக்குக் கீழான டயரைப் போடுவது, அந்தக் கார் அந்த வேகத்தில் ஓடாவிட்டாலும், அதன் வடிவமைப்பைக் கெடுப்பதாகும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின்சக்கர டயர் முன்சக்கரத்தைவிட அகலமானது என்பதால் முன்பின் மாற்றிப் போடும் வழக்கமான சிக்கனமும் அங்கே செல்லாது. 2020 ஜூனில் இந்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்ததிலிருந்து, இங்கே தயாராகாத அகல அளவுகளைத் தேடிப் பெறுவது கடினமாயிற்று. அந்த இடைவெளியில் பழைய இருப்பையும் பயன்படுத்திய டயரையும் வாங்கத் தோன்றுவது இயல்பே. ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை பேசும்போதே நான்கு புது டயரின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுக. கடையில் டயரைப் புரட்டி அந்த நான்கு இலக்கங்களைப் படித்த பின்னரே பணத்தைக் கொடுக்க.