சேதுக்காசு: மெய்யும் போலியும்

சில மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தாம் கொணர்ந்த சிறு துணிப்பையை என் மேசைமீது கவிழ்த்தார். பன்னிரண்டு செப்புக்காசுகள் உருண்டோடின. ஒவ்வொன்றிலும் ஒரு புறம் நிற்கும் மனித உருவம். மறு புறம் படுத்திருக்கும் எருது, அதன்மேல் பிறை, கீழே 'சேது' என்னும் சொல். ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகள் என்று கூறி வியாபாரி ஒருவர் நல்ல விலைக்கு விற்றாராம். "இவை மெய்தானா?" என்று நண்பர் கேட்டார்.

நேயர்களே, இவ்வினா எளிதன்று. காசு பழையதா என்பது ஒன்று. பழையதாயின் யாருடையது என்பது வேறொன்று. பின்னைய வினாவில் அறிஞர்களே நெடுங்காலம் வழிதவறினர். சேது என்பது இராமேசுவரத்துக் கடற்றுறை. ஆகவே சேதுபதி என்னும் பட்டம் பூண்ட இராமநாதபுரத்து மன்னரே இவற்றை அச்சிட்டிருத்தல் வேண்டும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் கருதினர். இயல்பான எண்ணமே; ஆயினும் பிழையானது.

நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1920ஆம் ஆண்டில், யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரைந்தார். இக்காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிகுதியாகக் கிடைப்பதை அவர் நோக்கினார். கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமையில் கிடைத்த ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்னும் சொல்லோடுதான் தொடங்குகிறது. அவ்வரசரின் கொடியும் இடபக்கொடியே. நிற்கும் மனித உருவமோ இராசராச சோழனின் காசிலிருந்து பொலனறுவையின் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் ஆகியோரின் காசுகளுக்கு வந்த வழக்கு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்ற சேதுபதி மரபினர் அவ்வளவு பழைய அமைப்பைத் திடீரென மீட்டெடுத்தார்கள் என்பது பொருந்தாது. 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய கொட்றிங்டனும் இவற்றை யாழ்ப்பாண மன்னருக்கே உரியவையாகக் கொண்டார். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய அரசு ஒன்றுக்குத் தன் நாணயம் இவ்வாறு மீண்டது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கல்வெட்டும் கொடியும் துணைநின்றன என்பது மெய்; ஆனால் வாதத்தின் அடித்தளம் காசு கிடைத்த இடம். அந்த இடத்தை எவரேனும் சொல்லிவைத்திராவிட்டால், காசு ஊமையாகவே இருந்திருக்கும்.

இனிப் போலிக்கு வருவோம். விலை ஏறும் பொருளுக்குப் போலி எழுவது எங்கும் உள்ளதே. ஜேர்மன் படைவீரர் அணிந்த இடுப்புவார்ப் பக்கிள்களை மேல்நாட்டார் விரும்பிச் சேர்க்கின்றனர். 'கடவுள் எம்முடன்' என்னும் வாசகம் பொறித்த அப்பக்கிள்கள் இரண்டு உலகப் போர்களிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. அவ்வளவு இருந்தும், போருக்குப் பின் அவற்றுக்குப் போலிகள் மலிந்தன. தேர்ந்தவர்கள் முன்புறத்து எழுத்தில் மயங்குவதில்லை. பக்கிளைத் திருப்பி, தொழிற்சாலையின் குறியையும் கொளுவி பற்றவைக்கப்பட்ட விதத்தையுமே பார்ப்பர்.

நம் காசுக்கும் அதே கண் வேண்டும். பழங்காசு அச்சுக்களின் நடுவே வைத்து அடிக்கப்பட்டது. ஒவ்வோர் அடியிலும் அச்சு சற்றே விலகும். விளிம்பு வேறாகக் கிழியும். ஆதலால் ஓர் அச்சில் பிறந்த இரு காசுகளும் முற்றும் ஒத்திரா. போலியோ பெரும்பாலும் மெய்க்காசு ஒன்றைப் பதித்தெடுத்த அச்சில் உருக்கி வார்க்கப்பட்டது. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக்கோடு தெரியலாம். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் காணலாம். எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். களிம்பும் ஒரு சாட்சி. நூற்றாண்டுக் களிம்பு உலோகத்தோடு ஒன்றிக் கிடக்கும். மருந்திட்டு ஏற்றிய பச்சை நகம் பட்டாலே உதிரக்கூடும்.

எழுத்தும் காட்டிக்கொடுக்கும். அக்காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். மேற்சுழி இட்ட இரட்டைக்கொம்பு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தம். நாம் இன்று எழுதுவதுபோல் அச்சொல்லை ஒரு காசில் பொறித்தவன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவனாதல் வேண்டும்!

ஆனால், எல்லாப் போலியும் வஞ்சகம் அன்று. கந்தரோடையில் 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் ஆராய்ந்தபோது உரோமக் காசுகளும் கிடைத்தன. உரோமச் செப்புக்காசு போதாத காலத்தில், இலங்கையிலேயே அதைப் பார்த்து அடித்துக்கொண்ட சிறு காசுகளும் உண்டு. அவை போலிகளே, எனினும் ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழமை உடையவை. கடல் வாணிகத்தின் கதையை அவை மெய்க்காசைவிட நன்றாகச் சொல்லும்.

நண்பரின் காசுகளுக்குத் திரும்புவோம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது மூன்றில் எருதின் முதுகருகே ஒரே கீறல், ஒரே நீளத்தில், ஒரே இடத்தில் இருந்தது. ஒரு தாய்க்காசின் வடு மூன்று பிள்ளைகளிலும் இறங்கியிருந்தது. மற்ற ஒன்பதில் குறை காணவில்லை. "இவை எங்கே கிடைத்தன?" என்று கேட்டேன். "பழைய வளவு ஒன்றில் கிணறு வெட்டும்போது" என்றாராம் வியாபாரி. எந்த ஊர், எந்த வளவு, எவ்வளவு ஆழம், கூட ஓடு கிடந்ததா, பானை கிடந்ததா? அதற்கு விடையில்லை.

விடையின்மைக்குக் காரணமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, கிடைத்த தொல்பொருளை அறிவித்தல் வேண்டும். அனுமதியின்றி அகழ்தல் குற்றம். விற்பவன் இடத்தை மறைப்பதில் வியப்பில்லை. 1983 முதல் 2009 வரையான போரிலோ வீடுகளும் வீட்டுப் பெட்டகங்களும் சிதறின. இன்ன காசு இன்ன வளவில் எங்கள் பாட்டனார் எடுத்தது என்று சொல்லத்தக்கவர் பலர் கடல்கடந்து சென்றனர், பலர் உயிரோடில்லை. போலியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டுவிடலாம். ஊர் இழந்த மெய்க்காசுக்கு ஊரைத் தரும் கண்ணாடி இல்லை.

நண்பர் மூன்று காசுகளை என் மேசையிலேயே விட்டார். ஒன்பதை ஓர் உறையிலிட்டு, அதன்மேல் வாங்கிய நாளையும் வியாபாரி சொன்ன சொற்களையும் எழுதி, கீழே 'இடம் தெரியாது' என்று குறித்துக்கொண்டார்.