நடப்பியல் சிற்பமும் ஒளிப்படமும்: இரு கண்காட்சிகளின் ஒப்பீடு

ஒரு சிற்பம் உயிருள்ள உடலை முற்றிலும் ஒத்திருப்பின் அது கலையா, வெறும் படியா என்னும் வினா ஒளிப்படக் கலையின் வருகைக்குப்பின் கூர்மை பெற்றது. அவ்வினா காலத்தால் அடைந்த மாற்றத்தை இரு கண்காட்சிகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒகுஸ்த் ரோடின் 1877இல் 'வெண்கலக் காலம்' எனப் பின்னர் அறியப்பட்ட ஆண் உருவச் சிலையைப் பிரசல்சிலும், தொடர்ந்து பாரிசின் சலோன் கண்காட்சியிலும் வைத்தார். அதன் உருவமைதி மிக இயல்பாக இருந்தமையால், மனித உடல்மீதே அச்செடுத்து வார்த்தார் என்ற பழி எழுந்தது. அதனைத் துடைக்க, சிலைக்கு மாதிரியாக நின்ற பெல்ஜியப் படைவீரர் ஒகுஸ்த் நெய்டை மார்க்கோனி என்பாரைக் கொண்டு ஒளிப்படம் எடுப்பித்தார். உடலுக்கும் சிலைக்கும் இடையிலான வேறுபாடுகளே அவர் காட்ட விரும்பிய சான்று. எனினும் படங்கள் மட்டும் போதவில்லை. சக சிற்பிகள் அவர்தம் திறனுக்குச் சான்றளித்த பின்னரே, 1880இல் பிரெஞ்சு அரசு சிலையை வாங்கியது. இங்கு ஒளிப்படம் சாட்சியாக மட்டுமே நின்றது.

1997இல் இலண்டன் ராயல் அகாடமியில் நடைபெற்ற 'சென்சேஷன்' கண்காட்சியிலோ ஒளிப்படமும் சிற்பமும் சமநிலையில் இடம்பெற்றன. ரான் மியூக் 'இறந்த தந்தை' என்னும் சிற்பத்தில் தோலின் சுருக்கங்களையும் நுட்பமாக அமைத்து, தம் தலைமுடியையே அதற்குப் பயன்படுத்தினார். ஆனால் அவ்வுருவின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டரே. ரிச்சர்ட் பில்லிங்காம், குடிக்கு அடிமையான தம் தந்தை ரேயின் இல்வாழ்வைக் காட்டும் ஒளிப்படங்களை வைத்தார். ஓவியம் தீட்டுவதற்குத் துணையாக எடுக்கத் தொடங்கிய அப்படங்கள், கண்காட்சியில் பெரிய அளவில் தொங்கின.

ஒருவர் தந்தையைச் சுருக்கினார், மற்றவர் பெரிதாக்கினார். மியூக்கின் சிற்பத்தைக் காண்போர் குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்து நோக்க நேர்கிறது. அளவில் நேர்ந்த இக்குறைவே இழப்பின் துயரை உணர்த்துகிறது. பில்லிங்காமின் படங்களிலோ குடும்பத்தின் வறுமை அயலார் கண்முன் விரிகிறது. அது பரிவா, அம்பலப்படுத்தலா என்னும் ஐயம் இயல்பாகவே எழுகிறது.

ஆகவே 1877இல் 'எவ்வாறு செய்தார்?' என எழுந்த வினா, 1997இல் 'காட்டப்படும் மனிதருக்குக் கலைஞர் எதற்குக் கடமைப்பட்டவர்?' என விரிந்தது எனலாம். நடப்பியல் படைப்பைக் கற்பிப்போர், அது எத்துணை ஒத்திருக்கிறது என்பதோடு நில்லாமல், கலைஞர் எதனை மாற்றினார், யார்பொருட்டு மாற்றினார் என்பதையும் மாணவரிடம் வினவுதல் வேண்டும்.