காமன் பொட்டலும் வகுப்பறையும்

துன்பியல் நாடகம் எனின், ஏதென்ஸ் நகரத்துச் சோபக்கிளீசை நினைப்பதே கற்றோர் வழக்கம். இரக்கமும் அச்சமும் எழுப்பி உள்ளத்தைத் தெளிவிப்பதே அத்தகைய நாடகத்தின் பயன் என்று அரிஸ்டாட்டில் கூறியதை மாணவன் வகுப்பில் மனனம் செய்கிறான். ஆயின், அம்மாணவன் லிந்துலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவனாயின், அக்கூற்றின் பொருளை இளமையிலேயே காமன் பொட்டலில் கண்டிருக்கக் கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொணர்ந்த செல்வங்களுள் காமன் கூத்தும் ஒன்று. மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் கம்பம் நடப்படும். ஆடவர் இருவர் ரதியும் மன்மதனுமாக வேடம் பூண்டு, தப்பு முழங்க ஆடுவர். சிவனது தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். ரதி தடுத்தும் அவன் செல்கிறான். நெற்றிக்கண்ணின் நெருப்பில் எரிகிறான். அவளது புலம்பல் கேட்டு முதியோரும் கண்ணீர் சிந்துவர்.

இக்கதையையே காளிதாசர் குமாரசம்பவத்திற் பாடினார். அதன் நான்காம் சருக்கம் முழுவதும் ரதியின் புலம்பலே. ஏதென்சிலும் துன்பியல் நாடகம் தெய்வத்துக்கு எடுத்த இளவேனில் விழாவிலேதான் நடைபெற்றது. அங்கும் பெண் வேடத்தை ஆடவரே தாங்கினர். இவ்வொப்புமைகள் புறத்தன, அகத்தே உள்ளதோர் ஒப்புமை இவற்றினும் பெரிது. துன்பியலில் வீழ்பவன் கொடியோனாக இருத்தலாகாது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. மன்மதனும் கொடியோன் அல்லன். ஏவிய பணியைச் செய்தவன் எரிகிறான். ஏவியோர்க்கு யாதொரு தீங்கும் இல்லை. பிறர் ஏவலிலே வாழ்நாளைக் கழித்த மக்களுக்கு இதன் பொருளை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

எனினும், அம்மக்களின் பிள்ளைகளுக்கு வகுப்பறையின் கதவு நெடுங்காலம் அகலத் திறக்கப்படவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தினர்மீது சுமத்தியது. ஆயினும் அங்குக் கிட்டியது தொடக்கக் கல்வியே. 1945இல் இலவசக் கல்வி நாட்டில் மலர்ந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் பின்தங்கியே கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியிலேதான். அதுவரை பலருக்குக் காவியம் கற்பித்த பள்ளி கூத்துக்களமே.

தோட்டத்தில் பிறந்து, கொழும்பு நாலந்தாவிலே பயின்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இவ்விரு பள்ளிகளையும் அறிந்தவர். ஆங்கிலத்திலே கவிதை வடித்த அவர், தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆங்கிலப் புலமை அவரைத் தம் மக்களின் பாட்டிலிருந்து பிரிக்கவில்லை.

இன்று மலையக மாணவர் உயர்தர வகுப்புக்களிலே இலக்கியம் பயில்கின்றனர். பல தோட்டங்களிற் காமன் கூத்தும் நடைபெறுகிறது. நூலிற் காணும் துன்பியலைத் தொலைதூரத்துப் பொருளாகக் கருதி, பொட்டலில் நிகழ்வதை வெறும் வேடிக்கையாக ஒதுக்கினால் இழப்பு இரண்டிற்குமே. ரதியின் குரலை அறிந்த செவிக்கு அந்திகனியின் குரல் அந்நியமாகாது. அவ்வுறவை எடுத்துக் காட்டுதல் ஆசிரியரின் கடன்.