களரியும் மேடையும்

ஊரே கூடிச் செய்த விழாவொன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அது மட்டக்களப்புக் கூத்து. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் கிழக்கேயுள்ள எழுவான்கரையிலும் வேளாண்மை வெட்டி முடிந்து கை ஓய்ந்த காலத்தில், ஊர்ப் பெரியோர் கூடி, இவ்வாண்டு எந்தக் கதையை ஆடுவது என்று முடிவு செய்வர். போரும் வீரமும் மிகுந்த பாரத, இராமாயணக் கதைகள் வடமோடிக்கு உரியன. அலங்காரரூபன் போன்ற கதைகள் தென்மோடிக்கு உரியன.

பின்னர் அண்ணாவியார் அழைக்கப்படுவார். அவர் உடல்வாகையும் குரலையும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என வகுத்துப் பாட்டுகளை ஒப்படைப்பார். இதுவே சட்டங்கொடுத்தல். பகலில் வயலில் நின்றவன் இரவில் தருமனாவான். மீசை அரும்பாத இளைஞன் திரௌபதையாவான். மாதக் கணக்கில் இரவுதோறும் பழகிய பின்னர், கால் பதமானவர்களுக்குச் சதங்கை அணிவிப்பர். அந்நாளே ஒரு சிறு விழாவாகும்.

அரங்கேற்றத்துக்கு மண்ணை உயர்த்தி வட்டக்களரி அமைப்பர். சுற்றிலும் சனங்கள் அமர்ந்திருக்க, நடுவில் மத்தளமும் தாளமும் ஒலிக்க, முதலில் கட்டியகாரன் வருவான். வடமோடி அரசரின் கரப்புடுப்பு இடுப்பைச் சுற்றி அகன்று விரிந்து நிற்கும். முடியிலும் புயத்திலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்னும். இந்தப் பாரத்துடன் விடியும் வரை ஆடுவது எளிதன்று. அரங்கேற்றத்தின் பின்னர் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் இருந்தது. ஆதலால் விழாவின் செலவும் உழைப்பும் பெருமையும் ஊர் முழுவதற்கும் பங்காயின.

ஐம்பதுகளில் கற்றோர் பலர் இக்கலையைப் பாமரர் கூத்தென்று புறந்தள்ளினர். 1956இல் சரச்சந்திரரின் ‘மனமே’ நாடகம் சிங்கள மரபிலிருந்து புதுமை படைத்தபோது, நம்மிடமும் இத்தகைய செல்வம் உண்டென்று உணர்ந்து செயற்பட்டவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் 1962இல் ‘கர்ணன் போர்’ என்னும் கூத்தையும், அடுத்த ஆண்டில் ‘நொண்டி நாடக’த்தையும், அதன் பின் ‘இராவணேச’னையும் மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியராக விளங்கினார்.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் விடிய விடிய நிகழ்ந்தது ஒன்றிரண்டு மணி நேரத்துள் அடங்கிற்று. நாற்புறமும் இருந்து பார்த்தவர்கள் ஒரு புறத்துக்கு வந்தனர். விழாவை எடுத்தவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்போராயினர். இது பேராசிரியரின் குறையென்று நான் கருதவில்லை. அவர் செய்திராவிடின் நகரத்தார் கூத்தை மதித்திருக்கவே மாட்டார். ஆனால், மேடைக்குச் சுருக்கியதே கூத்தின் முழு வடிவம் என்று பின்வந்தோர் எண்ணியது தவறு. பாடசாலை ஆண்டுவிழாவில், வரவுப் பாட்டைக் குறைத்து இருபது நிமிடத்தில் முடியுங்கள் என்று அண்ணாவியார் ஒருவரிடம் நானே கேட்டிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை; மத்தளத்தை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, எந்த அரசனை வரவின்றிக் கொண்டுவருவது என்று மட்டும் வினவினார். என்னிடம் விடையில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மட்டக்களப்பைச் சேர்ந்த சீலாமுனையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துச் சி. ஜெயசங்கர் ஊரவருடன் சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். எந்தக் கதையை ஆடுவது, பழைய பாட்டில் எதை மாற்றுவது, பெண் பாத்திரங்கள் எவ்வாறு பேச வேண்டும் என்பனவற்றை ஆடுவோரும் பார்ப்போரும் அங்கே ஒன்றாக இருந்து வாதித்தனர். களரி மீண்டும் ஊரின் நடுவிலேயே அமைந்தது.